கிடா வெளியூர் போயிருந்த 47 நாள்

எங்கள் பட்டியில் புரட்டாசியில் ஆரம்பிக்கும் ஈத்து பங்குனி வரைக்கும் ஓயாது. கிடா வருஷம் முழுக்க மந்தையோடுதான் மேயும். எந்த ஆடு எப்போது சினையானது என்று யாருக்கும் தெரியாது, மடி இறங்கிய பிறகுதான் தெரியும். ஆறேழு மாதம் ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அப்படிப் பார்த்தும், விடியற்காலை நாய் இழுத்துப்போன குட்டிகள் உண்டு. மூன்று மாதக் குட்டி வந்து மூன்று நாள் குட்டியின் பாலைக் குடித்துவிடும். தடுப்பூசி என்று கிளம்பினால் பாதிக் குட்டிக்கு வயது வந்திருக்காது, பாதிக்கு வயது தாண்டியிருக்கும்.

ஈத்தை ஒரு மாதத்துக்குள் சுருக்க முடியுமா என்று இரண்டு வருஷம் செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் மேச்சேரி இனச் செம்மறியும் இருக்கின்றன. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். ஆடு பார்ப்பது நானும் மாமனாரும். மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: இளம் பழுப்பு நிறம், கொம்பு கிடையாது, கம்பளி கிடையாது, ஒரு ஈத்துக்கு ஒரு குட்டி, இரட்டை அபூர்வம். அதனால் ஒரு குட்டி போனால் அந்த ஆட்டின் அந்த ஈத்தே போனது.

முதல் முயற்சி 2023-ல். ஊசி போட்டோம்.

செம்மறி சராசரியாக 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வந்தால் ஒன்று, ஒன்றரை நாள் கிடாவை ஏற்கும். பருவம் முடிந்ததும் சூல்பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு திசு வளரும், கார்பஸ் லூட்டியம் என்பார்கள். அது இருக்கிறவரை அடுத்த பருவம் வராது. புரோஸ்டாகிளாண்டின் ஊசி அந்தத் திசுவைக் கரைத்துவிடும், இரண்டு மூன்று நாளில் ஆடு பருவத்துக்கு வரும். சுழற்சியின் நடுவில், ஏறக்குறைய 5-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை உள்ள ஆட்டில்தான் அது வேலை செய்யும் என்பதால் 9 முதல் 11 நாள் இடைவெளியில் இரண்டு தடவை போடுவார்கள். முதல் ஊசிக்குத் தப்பியது இரண்டாவதில் மாட்டும். ஆகஸ்ட் 5, ஆகஸ்ட் 16 என்று இரண்டு தேதி குறித்தோம். மொத்தம் 32 ஆடு.

முதல் நாள் டாக்டர் வந்ததும் பட்டியில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். ஆடு பிடித்துக் கொடுக்க வந்த என் நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பம். "நீ வீட்டுக்குள்ள போம்மா, இந்த மருந்து தோல்ல பட்டாலே உனக்கு ஆபத்து" என்று உடனே அனுப்பிவிட்டார். ஆஸ்துமா இருக்கிறவர்களும் இதைத் தொடக் கூடாதாம். கையுறை இல்லாமல் சீசாவைத் தொடாதே என்று எனக்கும் சொன்னார். ஆடு வளர்க்கிற வீடுகளில் ஊசி போடும்போது ஆட்டைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள்தான். இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, "கிடா எப்ப பிரிச்சீங்க? சினை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். ஜூலை 20-ல் பிரித்தோம், எல்லாம் வெறும் ஆடு என்று நான் சொன்னேன். அது என் தப்பு. மூன்றாம் நாள் ஒரு ஆட்டுக்குச் சினை கலைந்துவிட்டது. ஒன்றரை மாதச் சினை இருக்கும். இந்த மருந்து சின்னச் சினையைக் கலைத்துவிடும், அதனால்தான் அவர் கேட்டார். வயிற்றைப் பார்த்து வெறும் ஆடு என்று முடிவு கட்டியிருக்கக் கூடாது. கிடாவைப் பிரித்து இரண்டு மாதம் காத்திருந்து, சினை நிற்கிறதா என்று பார்த்த பிறகு ஊசிக்குப் போயிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18 காலையில் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு ஆடு கிடாவைச் சுற்றி நின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலமே பிரச்சினையும் தெரிந்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரு பெரிய கிடாவும் எட்டு மாதக் குட்டிக்கிடா ஒன்றும். சாதாரணமாக ஒரு கிடா 25, 30 ஆட்டுக்குப் போதும், ஏனென்றால் பருவம் 17 நாளில் பரவி வரும், நாளுக்கு ஒன்றிரண்டுதான். ஒரே நேரத்தில் வந்தால் ஐந்து முதல் பத்து ஆட்டுக்கு ஒரு கிடா வேண்டும். பெரிய கிடா மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியருகே படுத்துவிட்டது. பருவத்துக்கு வந்த இருபது ஆட்டில் முதல் சுற்றில் சினை நின்றது 9 மட்டும்.

மீதிப் பன்னிரண்டு ஆட்டுக்குப் பருவமே வரவில்லை. அவை ஒல்லியானவை, கோடையில் குட்டிக்குப் பால் கொடுத்து இளைத்துப்போனவை. அவற்றின் சூல்பை வேலை செய்யாமலே இருந்திருக்கிறது. அங்கே கரைப்பதற்குத் திசுவே கிடையாது, ஊசி என்ன செய்யும்? அவை மழை பெய்து புல் வந்த பிறகு ஐப்பசியில்தான் கிடாவை ஏற்றன. ஈத்து 2024 ஜனவரி நடுவில் ஆரம்பித்து ஏப்ரல் வரை போனது. ஏழு மாதம் மூன்று மாதமானது. கலைந்த சினையையும் மருந்துச் செலவையும் நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

ஸ்பாஞ்ச் வைக்கும் முறையும் உண்டு. ஹார்மோன் ஏற்றிய பஞ்சை ஆட்டின் பிறப்புறுப்புக்குள் 12 முதல் 14 நாள் வைத்து எடுப்பார்கள். எடுக்கும்போது இன்னொரு ஊசி, இரண்டு நாளில் பருவம். ராஜஸ்தான் அவிகாநகரில் இருக்கும் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனம் இதை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. சுழற்சி நின்றுபோன ஆட்டையும் இது கிளப்பும் என்பது நல்ல விஷயம். செயற்கைக் கருவூட்டல் செய்கிற பண்ணைக்கு இதுதான் சரி. எனக்கு ஒரே நாளில் எல்லாம் வர வேண்டிய தேவையில்லை, பத்துப் பன்னிரண்டு நாளில் வந்தால் போதும்.

அதற்கு மருந்தில்லாத வழி ஒன்று இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கிடாவின் வாசனையே தெரியாமல் சில வாரம் ஆடுகளை வைத்திருந்து, திடீரென்று கிடாவை உள்ளே விட்டால், சுழற்சி நின்றுபோன ஆடுகளுக்குச் சூல்பை விழித்துக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளில் கவனித்து 1944-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கிடாவின் மயிரிலும் அதன் பிசுக்கிலும் உள்ள வாசனை மூக்கில் ஏறிய சில நிமிஷத்திலேயே ஆட்டின் உடம்பில் ஹார்மோன் துடிப்பு கூடுமாம். இரண்டு மூன்று நாளில் முட்டை வெளிவரும். ஆனால் அந்த முதல் தடவை ஆடு பருவ அறிகுறி காட்டாது, கிடாவை ஏற்காது. சிலவற்றுக்கு அடுத்த சுழற்சி முழுசாக ஓடி 17, 18 நாளில் நிஜப் பருவம் வரும். சிலவற்றுக்கு ஆறு நாளில் சுழற்சி முறிந்து, மறுபடி ஊமைப் பருவம் வந்து, அதற்குப் பிறகு 24 நாளைச் சுற்றி வரும். ஆக, கிடாவை விட்ட 17-ஆம் நாளிலிருந்து 26-ஆம் நாளுக்குள் பெரும்பாலான ஆடுகள் சேர்ந்துவிட வேண்டும்.

மாமாவிடம் சொன்னேன். "கிடாவுக்கு வயித்துல சாக்கு கட்டிவுட்டா போதாதாம்மா? எங்க அப்பா காலத்துல அப்படித்தான் கட்டுவாங்க" என்றார். சாக்கு கட்டினால் சேர்வதைத் தடுக்கலாம், வாசனையைத் தடுக்க முடியாது மாமா என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஊரைவிட்டே அனுப்பணும்" என்றார். அதுதான் சரி. பார்வை, குரல், வாசனை மூன்றும் அறுந்திருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருப்பது நல்லது. 2024 ஜூன் 15, ஆனி முதல் தேதி, இரண்டு கிடாவையும் டாடா ஏஸில் ஏற்றி, பாலக்கோட்டைத் தாண்டி இருக்கும் சித்தப்பா தோட்டத்துக்கு அனுப்பினோம். பக்ரீத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நல்ல விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

எங்கள் கிடா போய்விட்டது, சரி. ஏரியில் மேய்கிற மற்ற கிடாக்களை என்ன செய்வது? நம் பக்கத்தில் இந்த முறைக்கு உண்மையான இடைஞ்சல் இதுதான். யாரும் வேலி போட்டு ஆடு வளர்ப்பதில்லை. ஏரி உள்வாயில் நாலு மந்தை ஒன்றாக இறங்கும், ஒன்றாகத் தண்ணீர் குடிக்கும். பக்கத்து மந்தை ஒரு தாத்தாவுடையது. அறுபது உருப்படி, மூன்று கிடா. அவரிடம் போய் உட்கார்ந்து, ஆனி, ஆடி இரண்டு மாதம் நான் காலையில் ஏரிக்கு வருகிறேன், நீங்கள் மதியத்துக்கு மேல் வாருங்கள் என்று கேட்டேன்.

"உன் ஆடு என் கிடாவைப் பாக்கக் கூடாதா கண்ணு?"

"பாக்கவும் கூடாது தாத்தா, மோந்துக்கவும் கூடாது."

"அப்படின்னா நீ ஏரிக்கே வராத. உன் கொல்லியிலேயே வுடு. நான் போன தடத்துல என் கிடா வாசனை ரெண்டு நாளு நிக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதன்படி சொந்த நிலத்தில் இரண்டு ஏக்கரை மேய்ச்சலுக்கே விட்டேன். பற்றாக்குறைக்கு எதிர் வீட்டுப் பட்டுப்புழுத் தோட்டத்திலிருந்து மல்பெரி நுனித் தழை வந்தது. புழுப் படுக்கையில் கிடந்த மிச்சத்தை மட்டும் வாங்கவில்லை, அதில் சுண்ணாம்பும் மருந்துப் பொடியும் தூவியிருப்பார்கள். தோட்டத்திலிருந்து நேராக வெட்டிய தழை மட்டும். கேழ்வரகு வைக்கோலும் போன வருஷத்துக் கடலைக்கொடியும் ராத்திரிக்கு.

2023-ல் கற்ற பாடம் ஒல்லி ஆடுதான் என்பதால், தீவனத்தில் இந்தத் தடவை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகுத்தண்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். எலும்பு கத்தி மாதிரி குத்தினால் ஆடு மோசம். விரலுக்கும் எலும்புக்கும் நடுவே கொஞ்சம் சதை தெரிந்து, அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். ஜூன் நடுவில் தொட்டுப் பார்த்ததில் 36 ஆட்டில் 14 குத்தின. குடற்புழு மருந்து கொடுத்தோம். ஜூலை 10-லிருந்து தலைக்கு 250 கிராம் கலப்புத் தீவனம்: உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு. குத்திய 14 ஆட்டையும் தனித் தொட்டியில் விட்டேன், இல்லாவிட்டால் கொழுத்தவை தள்ளிவிட்டுத் தின்றுவிடும். ஆடுகள் சேர்ந்து மூன்று வாரம் வரை இதை நிறுத்தவில்லை. சேர்ந்த உடனே தீவனத்தைக் குறைத்தால் கரு ஒட்டாமல் போகும்.

கிடாக்களும் சும்மா இருக்கவில்லை. விந்து உருவாக ஏழு வாரம் ஆகும். கோடை வெயிலில் காய்ந்த கிடாவின் விந்து அந்த ஏழு வாரமும் பலவீனமாக இருக்கலாம். சித்தப்பா தோட்டத்துப் புளியமர நிழலும், முளைகட்டிய கொள்ளும், தினம் 400 கிராம் தீவனமும் சரியாக அந்தக் காலத்தை ஈடுகட்டின. கிளம்புமுன் இரண்டின் விதைப்பையையும் கையால் தடவிப் பார்த்தார் டாக்டர். இரண்டு பக்கமும் ஒரே அளவு, கெட்டியாக, கட்டி இல்லாமல் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை. 47 நாளுக்குப் பிறகு வண்டி வந்தது. இறக்கியதும் மஞ்சள் வர்ணப் பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்து இரண்டு கிடாவின் நெஞ்சிலும் அப்பினேன். கிடா ஏறினால் ஆட்டின் பின்முதுகில் மஞ்சள் ஒட்டும், அதைப் பார்த்து நோட்டில் எண்ணை எழுதிக்கொள்ளலாம். நிறத்தை மாற்றும்போது வெளிறியதிலிருந்து கருத்ததற்குப் போக வேண்டும், அப்போதுதான் பழைய குறிமேல் புதுக் குறி தெரியும். மஞ்சள், பிறகு செங்காவி, கடைசியில் நீலம். இரண்டு நாளுக்கு ஒருமுறை குழம்பைப் புதுப்பித்தேன்.

உள்ளே விட்டதும் ஆடெல்லாம் கிடாவைச் சூழ்ந்து மோந்தன. அதோடு சரி. முதல் பதினைந்து நாளில் மஞ்சள் விழுந்தது 7 ஆட்டுக்குத்தான். அவை ஏற்கெனவே சுழற்சி ஓடிக்கொண்டிருந்த கொழுத்த ஆடுகள். "47 நாள் தீனி போட்டு இதுதானா?" என்று மாமா கேட்டார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. 17-ஆம் நாள்வரை பொறுங்கள் மாமா என்று சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 17 காலையில் நிறத்தைச் செங்காவிக்கு மாற்றினேன். அன்று ஒன்று. 18-ஆம் தேதி நாலு. 19-ஆம் தேதி மூன்று. நடுவில் மூன்று நாள் ஓய்ந்து, 23-லிருந்து மறுபடி ஒரு அலை. 27-க்குள் புதிதாக 24 ஆட்டுக்குச் செங்காவி விழுந்துவிட்டது. நாளுக்கு மூன்று நாலு என்று வந்ததால் இரண்டு கிடாவே தாங்கின. குத்திய எலும்போடு இருந்த 14 ஆட்டில் 12 இதில் இருந்தன. ஊசிக்கு அசையாத அதே ஒல்லி ரகம். நோட்டில் அந்த எண்களைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே போனேன்.

பிறகு மூன்று ஆடு தாமதமாகச் சேர்ந்தன. இரண்டு கடைசி வரை சேரவில்லை. நீலம் மாற்றியபோது, செங்காவி ஆடுகளில் நாலு திரும்பிப் பருவத்துக்கு வந்தன. செப்டம்பர் 16-ல் கிடாக்களைப் பிரித்தோம்.

சினைக்காலம் 150 நாள் என்று வைத்து எண்ணினால் ஆகஸ்ட் 18-ல் சேர்ந்தது ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று ஈன வேண்டும். தேதி முன்கூட்டியே தெரிந்ததில் எவ்வளவு வேலை சுலபமானது என்பதை அனுபவித்தால்தான் புரியும். டிசம்பர் முதல் வாரம் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் துள்ளுமாரித் தடுப்பூசி. ஈத்துக்கு ஒரு மாதம் முன்னால் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் எதிர்ப்புச் சக்தி போகும். முன்பெல்லாம் சீசாவைத் திறந்தால் பத்து ஆட்டுக்குப் போட்டுவிட்டு மீதியைக் கொட்டுவோம்.

மூங்கிலும் நிழல்வலையும் வைத்து ஐந்தடிக்கு ஐந்தடியில் எட்டு ஈத்துத் தடுப்பு கட்டினோம். அந்த எட்டு போதவில்லை. ஜனவரி 17 ராத்திரி பனி கொட்டிக்கொண்டிருந்தபோது ஐந்து ஆடு ஒன்றன்பின் ஒன்றாக ஈன்றன. அதில் 22-ஆம் எண் ஆடு அப்போது இன்னும் ஈனவே இல்லை, வலி ஆரம்பித்திருந்தது. அது 9-ஆம் எண்ணின் குட்டியை நக்கித் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. நிஜத் தாயை முட்டித் தள்ளியது. இரண்டு மணி நேரம் கழித்துத் தன் குட்டி வெளியே வந்தபோது அதைத் திரும்பியே பார்க்கவில்லை. ஈத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தால் இந்தச் சங்கடமும் சேர்ந்தே வரும், யாரும் எனக்குச் சொல்லவில்லை. 9-ஐயும் அதன் குட்டியையும் தடுப்பில் அடைத்தோம். 22-ஐ இன்னொன்றில் கட்டிப்போட்டு, அதன் பனிக்குடத் தண்ணீரை அதன் குட்டிமேலேயே தடவி, மூக்கருகில் பிடித்தேன். விடிகிற நேரத்தில் நக்க ஆரம்பித்தது.

அதற்கப்புறம் ஒரு ஒழுங்கு வைத்தோம். ஈன்றதும் தொப்புளில் டிங்சர் அயோடின். முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால், தானே குடிக்காவிட்டால் கறந்து புட்டியில். இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது போக வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் ஒரே எண் வர்ணத்தில். 24 மணி நேரம் தடுப்பில், நன்றாகப் பாலூட்டினால் வெளியே. மாமா முன்ராத்திரி, நான் பின்ராத்திரி.

மொத்தம் 33 ஆடு ஈன்றன. அதில் 21 ஆடு ஜனவரி 14-லிருந்து 26-க்குள். முதல் குட்டி டிசம்பர் 30, கடைசி பிப்ரவரி 10. ஒரே ஒரு இரட்டை. 34 குட்டியில் இரண்டு போயின: ஒன்று பிறக்கும்போதே, இன்னொன்று பனியில் விறைத்து. அந்த இரண்டாவது, தடுப்பு காலியில்லாமல் வெளியே கிடந்த குட்டி.

நாலு மாதம் முடிந்ததும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி ஒரே நாளில். ஆடியில் வியாபாரி பட்டிக்கே வந்தார், குட்டிகள் ஒரே சீராக இருந்ததால் மொத்தமாக விலை பேசினார். செவ்வாய்தோறும் நல்லம்பள்ளிச் சந்தைக்கு மூன்று, நாலு என்று ஓட்டிக்கொண்டு போகிற வேலை இல்லை.

மாமாவுக்கு இன்னும் ஒரு கணக்கு தீரவில்லை. கிடா கூடவே இருந்தால் நல்ல ஆடு இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து ஈனும், இப்படிச் செய்தால் இரண்டுதான் என்கிறார். உண்மைதான். ஆனால் எங்கள் பழைய நோட்டில் அப்படி மூன்று ஈன்றவை ஐந்தாறு ஆடுதான், அவையும் இளைத்தே கிடந்தன. தீவனம் பெருக்கி எட்டு மாதத்துக்கு ஒருமுறை கிடா விடலாமா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சித்திரை வெயிலில் கிடாவைச் சேர்க்க வேண்டிவரும், அதில் எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

சேராமல் நின்ற இரண்டு ஆட்டையும் விற்றுவிட்டோம். தடுப்பு இப்போது பதினான்கு இருக்கிறது. 2025 ஜூன் நடுவில் கிடாக்களை ஏற்ற வண்டி வந்தபோது, தாத்தாவும் தன் மூன்று கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார். "இதுகளுக்கும் எடம் இருக்குமா கண்ணு?" என்றார். அந்த இரண்டு மாதமும் என் ஆடுகள் ஏரியிலேயே மேய்ந்தன.